டெஸ்ட் ஃபைல் சைஸ் உதைக்குதா? எங்க உதைக்குதுன்னு பாப்போம்

ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். அங்க ஒரு எஸ்டேட் தங்குமிடத்துக்கு புக்கிங் சைட் பண்ணிட்டு இருக்கான், வர்றவங்க ஆதார் ஸ்கேன் அப்லோட் பண்ற பக்கத்துல 5 எம்பி லிமிட் வச்சிருக்கான், அது நெஜமாவே 5 எம்பிக்கு மேல தடுக்குதான்னு பாக்கணுமாம். "ண்ணா, கரெக்டா 5 எம்பிக்கு ஒரு ஃபோட்டோ இருந்தா அனுப்புங்ணா"ன்னான். ஏன்டா, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மலை மேல உக்காந்துட்டு, சிக்னல் வந்து வந்து போற நெட்ல, நான் சேலத்துல இருந்து ஃபைல் அனுப்பி நீ அதை எறக்கி எப்ப டெஸ்ட் பண்ணுவ, உன் மெஷின்லயே ஒரு வரில செஞ்சுக்கலாமேன்னு சொன்னேன். சொல்லிட்டு வச்சிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள்ல அவன் எனக்கு போட்ட போன் எத்தனைன்னு கணக்கில்ல, ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கோளாறு. அவன் கேட்டது, எனக்கு ஏற்கனவே கடிச்சது எல்லாம் சேத்து, என்ன தெரியுதோ அதை வச்சு தேடுற மாதிரி இங்க போடுறேன்.

ஒண்ணு சொல்லிடுறேன், கமாண்ட் எல்லாம் அவனுக்கு போன்ல சொன்ன மாதிரியே தமிழ்ல உச்சரிச்சுதான் எழுதியிருக்கேன், டைப் பண்ணும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க. எழுத்து பெருசா சின்னதாங்கிறது முக்கியம்னா அங்கங்க சொல்றேன்.

முதல்ல அடிப்படை, 5 எம்பிக்கு ஒரு டம்மி ஃபைல் செய்யுற கமாண்ட். விண்டோஸ்னா இது:

எஃப்எஸ்யூட்டில் ஃபைல் கிரியேட்நியூ சோதனை.பின் 5242880

லினக்ஸ்ல இதுல ஏதாவது ஒண்ணு:

ட்ரன்கேட் -எஸ் 5எம் சோதனை.பின்
ஃபாலோகேட் -எல் 5எம் சோதனை.பின்
டிடி ஐஎஃப்=/டெவ்/ஜீரோ ஓஎஃப்=சோதனை.பின் பிஎஸ்=1எம் கவுண்ட்=5
ஹெட் -சி 5எம் /டெவ்/யுரேண்டம் > சோதனை.பின்

மேக்னா எம்கேஃபைல் 5எம் சோதனை.பின், இங்க எம் சின்ன எழுத்து. லினக்ஸ்ல மேல வர்ற எம் எல்லாம் பெரிய எழுத்து. விண்டோஸ்ல கிட் பேஷ் போட்டிருந்தீங்கன்னா டிடி, ட்ரன்கேட், ஹெட் எல்லாம் அதுலயே கெடைக்கும்.

இது வேலை செஞ்சு, சைஸும் சரியா இருந்து, அப்லோடும் நெனச்ச மாதிரி நடந்துச்சுன்னா இதுக்கு மேல படிக்க வேண்டாம், போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்க.

கேட்டது 10 எம்பி, காட்டுறது 10.5

அதிகமா வர்ற கேள்வி இதுதான், பாதிப் பேர் கமாண்ட் தப்புன்னு நெனச்சு திரும்பத் திரும்ப அடிச்சிட்டு இருப்பாங்க. கமாண்ட் தப்பில்ல, எம்பிங்கிற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. 1024 தடவை 1024, அதாவது 1048576 பைட் ஒரு எம்பின்னு ஒரு கணக்கு, 10 லட்சம் பைட் ஒரு எம்பின்னு இன்னொரு கணக்கு. இந்தக் குழப்பத்தைத் தீக்கத்தான் ஐஇசிங்கிற சர்வதேச தர அமைப்பு 1998ல 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட்னு தனிப் பேரே வச்சாங்க, ஆனா நம்ம வாயில இன்னும் எம்பிதான். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 1024 கணக்குல வகுத்துட்டு எம்பின்னே எழுதுது, மேக் ஃபைண்டர் 1000 கணக்குல எழுதுது, உபுண்டுல ஃபைல்ஸ் ஆப்பும் 1000 கணக்குதான். அதனால 10485760 பைட் ஃபைல் ஒண்ணு விண்டோஸ்ல 10, மேக்ல 10.5. ஃபைல் ஒண்ணேதான்.

இதோட நிக்கல, டிடிலயும் ட்ரன்கேட்லயும் ஹெட்லயும் 10எம்னு போட்டா 1024 கணக்கு, 10எம்பின்னு பின்னாடி ஒரு பி சேத்துட்டா 1000 கணக்கு. ஒரு எழுத்துக்கு 485760 பைட் வித்தியாசம். பவர்ஷெல்ல நேர்மாறு, அங்க 10எம்பின்னு அடிச்சா 10485760தான் வரும், 1000 கணக்குக்கு அங்க சுருக்கமே கிடையாது. எஃப்எஸ்யூட்டில்ல இந்தத் தலைவலியே இல்ல, பைட்லதான் கேக்கும், 10எம்பின்னு குடுத்தா தப்புன்னு திட்டிட்டு போயிடும்.

செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறைல பாத்திருப்பீங்க, எடை போடும்போது கிராம்லதான் எழுதுவாங்க, "ஒரு கால் கிலோ இருக்கும்"னு எவனும் சீட்டுல எழுத மாட்டான். இங்கயும் அப்படித்தான், பைட்ல பேசுங்க. லினக்ஸ்ல ஸ்டாட் -சி %எஸ் ஃபைல்பேர், இல்லன்னா டபிள்யூசி -சி. விண்டோஸ்ல சும்மா டிர் அடிச்சாலே பைட் வரும். எல்எஸ் -எல்ஹெச்ச நம்பாதீங்க, அது மேல்பக்கமா ரவுண்ட் பண்ணும், 5242881 பைட் ஃபைலைக் கூட 5.1எம்னு காட்டும், ஒரே ஒரு பைட்தான் கூட.

அடிக்கடி வேணுங்கிற நம்பர்: 1 எம்பி 1048576, 5 எம்பி 5242880, 10 எம்பி 10485760, 100 எம்பி 104857600, 1 ஜிபி 1073741824. நான் இதை மானிட்டர் ஓரத்துல ஒட்டி வச்சிருக்கேன்.

1 ஜிபி ஃபைல் வந்துருச்சு, ஆனா டிஸ்க்ல இடம் குறையவே இல்ல

ட்ரன்கேட் போட்டிருப்பீங்க. எல்எஸ்ல 1 ஜிபி, டிஸ்க்ல நெஜமா புடிச்ச இடத்தைக் காட்டுற டியூ அடிச்சா 0. பயப்பட வேண்டாம், ரெண்டுமே உண்மை.

ஞாயித்துக்கிழமை காலைல ஏற்காடு பஸ்ஸ நெனச்சுக்கோங்க. டிடிங்கிறது ஆள் ஏறி சீட்ல உக்காந்தாச்சு. ஃபாலோகேட்ங்கிறது ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் புடிச்சாச்சு, ஆள் இன்னும் உக்காரல, ஆனா வேற எவனும் உக்கார முடியாது. ட்ரன்கேட்ங்கிறது வீட்ல இருந்துட்டே "எனக்கு ஒரு சீட் இருக்கு"ன்னு சொல்லிக்கிறது, துண்டும் போடல ஒண்ணும் போடல. பஸ்ல இடம் இருந்தா பின்னாடி வந்து உக்காந்துக்கலாம், இல்லன்னா நின்னுட்டுதான் போகணும்.

அதனால எதுக்கு டெஸ்ட் பண்றோம்ங்கிறத வச்சு எடுக்கணும். அப்லோட் லிமிட் பாக்கணும்னா ட்ரன்கேட் போதும், கண் சிமிட்டுற நேரத்துல வந்துரும், படிக்கும்போது எல்லாம் ஜீரோவாத்தான் வரும். டிஸ்க் நெறஞ்சா நம்ம ஆப் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்னா ட்ரன்கேட் உதவவே உதவாது, ஃபாலோகேட் இல்லன்னா டிடி. ஃபாலோகேட் "ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்"னு சொன்னா அந்த ஃபைல் சிஸ்டத்துக்கு அந்த வசதி இல்லன்னு அர்த்தம், எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்ல ஓடும், பழைய எக்ஸ்ட்3ல ஓடாது, அங்க டிடிதான்.

விண்டோஸ் எஃப்எஸ்யூட்டில் துண்டு போடுற கேஸ். இடம் புடிச்சிரும், ஆனா உள்ள எதுவும் எழுதியிருக்காது, இதுவரைக்கும்தான் உண்மையான டேட்டா இருக்குன்னு விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தனியா ஒரு கோடு போட்டு வச்சிருக்கும், அதைத் தாண்டிப் படிச்சா டிஸ்க்குக்கே போகாம ஜீரோவக் கையில குடுத்துரும். அதனாலதான் 50 ஜிபி ஃபைல் கூட உடனே வருது, அதனாலதான் அந்த ஃபைலை வச்சு ஹார்ட் டிஸ்க் ஸ்பீட் அளந்தா வர்ற நம்பர் சும்மா கதை.

ஸ்பீட்னு வந்துட்டதால இதையும் சொல்லிடுறேன், லினக்ஸ்ல பென் டிரைவுக்கு டிடி போட்டு செகண்டுக்கு இத்தனை ஜிபின்னு வந்தா பென் டிரைவ் சூப்பர்னு நெனச்சுக்காதீங்க, அது ரேம்ல எழுதிட்டு "முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லுது. கடைசில கான்வ்=எஃப்டேட்டாசிங்க் சேத்தா நெஜமா எழுதி முடிச்ச பிறகுதான் கணக்கு சொல்லும்.

அடிச்சுவிட்டு டீ குடிச்சிட்டு வந்தும் முடியல

பிஎஸ்=1 போட்டு கவுண்ட்=104857600 போட்டிருப்பீங்க. பைட் கணக்கு கரெக்டா வரணும்னு நெனச்சு எல்லாரும் ஒரு தடவை பண்ற தப்பு. பிஎஸ் 1னா ஒரு பைட் படி, ஒரு பைட் எழுதுன்னு அர்த்தம், 100 எம்பிக்கு 20 கோடி தடவைக்கு மேல கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, அதோட கதவைத் தட்டணும். ஜவ்வரிசி மூட்டைய ஒவ்வொரு அரிசியா எண்ணி ரொப்புற கதை. பிஎஸ்=1எம் கவுண்ட்=100 போடுங்க. பைட் கணக்கு ஒத்தையா வேணும்னா ட்ரன்கேட் இல்லன்னா ஹெட் -சி, ரெண்டுமே எந்த நம்பரையும் வாங்கிக்கும்.

அந்தப் பக்கமா தாண்டிப் போறவங்களும் உண்டு. பிஎஸ்=4ஜி கவுண்ட்=1 போட்டா அந்த 4 ஜிபிய மொத்தமா ரேம்ல வாங்கப் பாக்கும், மெமரி எக்ஸாஸ்டட்னு நிக்கும். சின்ன கிளவுட் மெஷின்ல கண்டிப்பா நிக்கும்.

எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியணும்னா ஸ்டேட்டஸ்=ப்ரோக்ரெஸ் சேத்துக்கோங்க.

100 எம்பி கேட்டா 32 எம்பிதான் வருது, எத்தனை தடவை அடிச்சாலும் அதே 33554431

இந்த நம்பரப் பாத்தாலே எனக்கு சிரிப்பு வந்துரும், அரை நாள் போச்சு இதுல. டிடி ஐஎஃப்=/டெவ்/யுரேண்டம் பிஎஸ்=100எம் கவுண்ட்=1னு போட்டிருந்தேன். டிஸ்க் ஃபுல்லான்னு பாத்தேன், கோட்டா இருக்கான்னு பாத்தேன், மெஷினையே மாத்திப் பாத்தேன். விஷயம் என்னன்னா யுரேண்டம் ஒரு தடவை கேட்டா 32 எம்பிக்கு மேல குடுக்காதுன்னு கர்னல் 3.16ல இருந்து ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு, இப்ப வர்ற புதுக் கர்னல்ல அது இல்ல. டிடிக்கு கவுண்ட்=1னா "ஒரு தடவை படி"ன்னுதான் அர்த்தம், "100 எம்பி ஆகுற வரைக்கும் படி"ன்னு அர்த்தமில்ல. அது ஒரு தடவை படிச்சிச்சு, கெடைச்சத எழுதிச்சு, வேலை முடிஞ்சதுன்னு போயிடுச்சு. கீழ பார்ஷியல் ரீட்னு ஒரு வார்னிங் வேற போட்டிருக்கும், நம்ம எங்க அதைப் படிக்கிறோம்.

ஐஃப்ளாக்=ஃபுல்பிளாக் சேத்தா சரியாயிரும். இல்லன்னா பிஎஸ்=1எம் கவுண்ட்=100. டிடிக்கு பைப் வழியா எதையாவது ஊட்டும்போதும் இதே கோளாறு வரும், அங்கயும் ஃபுல்பிளாக்தான் மருந்து. என்னைக் கேட்டா ரேண்டம் ஃபைலுக்கு டிடியே வேண்டாம், ஹெட் -சி போதும், அது கேட்ட அளவு வர்ற வரைக்கும் விடாது.

மலை மேல திடீர்னு நெட் பறக்குது

தம்பி ரொம்ப சந்தோஷமா போன் பண்ணான். "ண்ணா, 100 எம்பி ஃபைல் சர்வருக்கு ரெண்டு செகண்ட்ல போயிருச்சுங்ணா, நெட் மாத்திட்டாங்க போல!" எனக்கு சந்தேகம். எந்த ஃபைல்டான்னு கேட்டேன், டெவ் ஜீரோல செஞ்சதாம். எப்படி அனுப்பினன்னு கேட்டேன், ஆர்சிங்க் -இசட். அவ்வளவுதான் விஷயம்.

இசட்னா சுருக்கி அனுப்புன்னு அர்த்தம். வெறும் ஜீரோவா இருக்கிற ஃபைலை சுருக்கினா ஒண்ணுமே மிஞ்சாது. ஜிஜிப் மாதிரி டிஃப்ளேட் முறைல உச்சபட்சம் 1032க்கு 1 வரைக்கும் சுருங்கும், அதனால 100 எம்பி ஜீரோ 100 கேபி சொச்சமா ஆயிரும். அந்த 100 கேபிதான் மலைல இருந்து எறங்கியிருக்கு. எஸ்எஸ்ஹெச்ல பெரிய சி ஆப்ஷன் போட்டாலும், சுருக்கி அனுப்புற விபிஎன் இருந்தாலும், ஜிப் பண்ணி மெயில்ல வச்சாலும் இதே கதை. நெட் ஸ்பீட், பேக்கப் நேரம், ஸ்டோரேஜ் எவ்வளவு புடிக்கும்ங்கிற மாதிரி டெஸ்ட்டுக்கு ஜீரோ ஃபைல் கூடாது, யுரேண்டம்ல செஞ்சதுதான் வேணும், அது சுருங்கவே சுருங்காது. யுரேண்டம் ஃபைல் போட்டுப் பாத்துட்டு திரும்ப போன் பண்ணான், குரல் எறங்கியிருந்துச்சு.

சைஸ் செக் வரைக்கும் போகவே இல்ல, "இது ஃபோட்டோ இல்ல"ங்குது

சோதனை.பின்ன சோதனை.ஜேபிஜின்னு பேர் மாத்தி அப்லோட் பண்ணியிருப்பீங்க. கொஞ்சமாவது விவரமா எழுதின சர்வர் பேரைப் பாக்காது, முதல் சில பைட்டத்தான் பாக்கும். ஜேபெக்னா எஃப்எஃப் டி8 எஃப்எஃப்னு ஆரம்பிக்கணும், பிடிஎஃப்னா சதவீதக் குறி போட்டு பிடிஎஃப்னு ஆரம்பிக்கணும். நம்மகிட்ட இருக்கிறது வெறும் ஜீரோ.

அதுக்கு ஒரு சுலபமான வேலை இருக்கு, நெஜ ஃபோட்டோவ எடுத்து பின்னாடி ஜீரோவ ஒட்டி ஊதிரலாம். ஜேபெக்ல படம் முடியிற எடத்துல எஃப்எஃப் டி9னு ஒரு குறி இருக்கும், அதுக்கு அப்புறம் என்ன இருந்தாலும் சாதாரணமா படத்தைக் காட்டுற எதுவும் கண்டுக்காது. லினக்ஸ்ல ஃபோட்டோவ காப்பி எடுத்துட்டு அந்தக் காப்பி மேல:

ட்ரன்கேட் -எஸ் 5242881 காப்பி.ஜேபிஜி

படமும் தெறக்கும், சைஸும் லிமிட்ட விட ஒரே ஒரு பைட் கூட. விண்டோஸ்ல ரெண்டு வரி. ஃபோட்டோ 1843200 பைட்னு வச்சுக்கோங்க, 5242881ல அதைக் கழிச்சா 3399681, அந்த அளவுக்கு எஃப்எஸ்யூட்டில்ல ஒரு காலி ஃபைல், அப்புறம்:

காப்பி /பி ஃபோட்டோ.ஜேபிஜி+காலி.பின் பெருசு.ஜேபிஜி

அந்த /பிய விட்டுறாதீங்க. விட்டீங்கன்னா ஃபைலை ஒட்டும்போது அது டெக்ஸ்ட்னு நெனச்சுக்கும், உள்ள எங்கயாவது கன்ட்ரோல்-இசட் பைட் வந்தா அதோட ஃபைல் முடிஞ்சதுன்னு நிறுத்திரும், சைஸ் எங்கயோ நிக்கும், படமும் பாதில வெட்டிக்கும்.

பிடிஎஃப்ல இந்த வித்தை ஓரளவுக்குத்தான். கடைசி 1024 பைட்டுக்குள்ள முடிவுக் குறி இருக்கணும்னு அக்ரோபாட் எதிர்பாக்கும், பின்னாடி நெறைய ஜீரோ ஒட்டினா சிலது தெறக்கும், சிலது அடம் புடிக்கும். பிடிஎஃப் வேணும்னா ஒரு பெரிய ஸ்கேன் படத்தை உள்ள வச்சு பிடிஎஃப் ஆக்கிட்டுப் போங்க.

இன்னொண்ணு, சர்வர் படத்தை வாங்கி சின்னதாக்கி திரும்ப சேவ் பண்ணுதுன்னா நம்ம ஒட்டின ஜீரோ எல்லாம் காணாம போயிரும். அப்லோட் 5 எம்பி, உள்ள போய்ப் பாத்தா 300 கேபி. அது கோளாறு இல்ல.

லிமிட் 5 எம்பி, ஆனா 1.2 எம்பிக்கே தடுக்குது

தம்பியோட உண்மையான பிரச்சினை கடைசில இதாத்தான் இருந்துச்சு. அவன் கோட்ல 5 எம்பின்னு தெளிவா எழுதியிருக்கான், நானே பாத்தேன். 900 கேபி போகுது, 1.2 எம்பி போகல. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் சைஸ் வாரியா ஃபைல் வேணும், எந்த எடத்துல உடையுதுன்னு பாதி பாதியா நெருங்கிப் பாக்கலாம். பாத்ததுல 1 எம்பி பக்கத்துல உடைஞ்சுது. 1 எம்பின்ன உடனே புரிஞ்சிருச்சு, நம்ம ஆப்புக்கு முன்னாடி நிக்கிற எஞ்சின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர். அதுல கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்னு ஒரு செட்டிங், நம்ம எதுவும் எழுதலன்னா 1 எம்பிதான். அதுக்கு மேல வந்தா 413னு திருப்பி அனுப்பிரும், நம்ம கோட் வரைக்கும் வரவே வராது. எஸ்டேட் கேட்ல வாட்ச்மேன் திருப்பி அனுப்பிட்டான், உள்ள மேனேஜருக்கு ஆள் வந்ததே தெரியாது.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சரியா 1048576 பைட் ஃபைல் கூட தடுக்கும், ஏன்னா ஃபார்ம் அனுப்பும்போது ஃபைலோட பேரு, மத்த கட்டத்துல எழுதினது, நடுவுல போடுற கோடு எல்லாம் சேந்துதான் அந்தக் கணக்கு. அதனால உங்க ஆப்ல 5 எம்பின்னா எஞ்சின்எக்ஸ்ல 6 எம்பின்னு வைங்க.

பிஎச்பினா இன்னும் ரெண்டு கதவு. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் சும்மா விட்டா 2 எம்பி, போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பி. முதல் கதவுல மாட்டினா ஃபைலுக்கு மட்டும் எரர் வரும். ரெண்டாவதுல மாட்டினா ஃபார்ம்ல போட்ட பேரு, போன் நம்பர், ஃபைல் மொத்தமும் காலியா வரும், "பேர் எழுதவில்லை"ன்னு நம்ம வேலிடேஷன் திட்டும், பாக்கிறவனுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. எல்லா கட்டமும் ஒரே நேரத்துல காலின்னா கோட்ல தேடாதீங்க, சைஸைப் பாருங்க.

எல்லாம் திறந்தாச்சுன்னா மூணே ஃபைல் போதும்: 5242879, 5242880, 5242881. முதல் ரெண்டும் போகணும், மூணாவது நிக்கணும். நடுவுல இருக்கிறது நின்னுச்சுன்னா "சின்னதா இருந்தா"ன்னு எழுதியிருக்கீங்க, "சமமா இருந்தாலும்"ங்கிறத விட்டுட்டீங்க. 5000001 பைட்டே நின்னுச்சுன்னா கோட்ல எங்கயோ 1000 கணக்கு ஒளிஞ்சிருக்கு.

டெக்ஸ்ட் ஃபைல் ரெண்டு மடங்கா வருது

பவர்ஷெல்ல இங்கிலீஷ் "ஏ"ங்கிற எழுத்தை 1024 தடவை பெருக்கி > போட்டு ஃபைல்ல தள்ளினா, விண்டோஸ் கூடவே வர்ற பழைய 5.1ல 2054 பைட் வரும். அது யுடிஎஃப்-16ல எழுதுது, ஒரு எழுத்துக்கு 2 பைட், முன்னாடி 2 பைட் குறி, கடைசில வரி முடிவுக்கு 4 பைட். பவர்ஷெல் 7ல 1026, வரி முடிவு மட்டும் 2 பைட் கூட. செட்-கன்டென்ட்ல -நோநியூலைன், -என்கோடிங் ஆஸ்கி ரெண்டும் போட்டா சரியா 1024. இதே காரணத்தாலதான் 5.1ல ரேண்டம் பைட்ட > போட்டு ஃபைலாக்காதீங்கன்னு சொல்றது, ஃபைலே கெட்டுப் போயிரும்.

தமிழ்ல டெக்ஸ்ட் ஃபைல் வேணும்னா எனக்குப் புடிச்ச வழி:

யெஸ் சேலம் | ஹெட் -சி 5எம் > தமிழ்.டிஎக்ஸ்டி

சேலம்ங்கிறத தமிழ்லயே அடிங்க. யுடிஎஃப்-8ல தமிழ்ல ஒரு குறியீட்டுக்கு 3 பைட். சேலம்ங்கிறது நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ச, இரட்டைக் கொம்பு, ல, ம, புள்ளின்னு அஞ்சு, அதனால 15 பைட், வரி முடிவோட 16. 5242880ஐ 16ஆல வகுத்தா மிச்சமே இல்ல, 327680 சேலம் சுத்தமா உக்காருது. தம்பி ஊர்ப்பாசத்துல ஏற்காடுன்னு போட்டான். ஏற்காடு 21 பைட், வரி முடிவோட 22. வகுத்தா 16 பைட் மிச்சம், கடைசி வரில "ஏற்கா" வரைக்கும் 15 போக டகரத்தோட முதல் பைட் மட்டும் தொங்கிட்டு நிக்கும், அந்த எடத்துல கேள்விக்குறி போட்ட கட்டம் வரும், கறாரா படிக்கிற ப்ரோக்ராம்னா ஃபைலையே தூக்கிப் போட்டுரும். "ண்ணா சேலத்துக்கு மட்டும் வேலை செய்யுதுங்ணா, ஓரவஞ்சனை"ன்னான். உடைஞ்ச யுடிஎஃப்-8 வந்தா ஆப் என்ன பண்ணுதுன்னு பாக்க ஏற்காடுதான் நல்ல டெஸ்ட்டுன்னு சமாதானம் சொன்னேன்.

பென் டிரைவ்ல 4 ஜிபில நின்னுருச்சு

இடம் 50 ஜிபி இருக்கு, "ஃபைல் டூ லார்ஜ்"ங்குது. ஃபேட்32. ஒரு ஃபைல் 4294967295 பைட்டுக்கு மேல போகாது, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க, உள்ள இருக்கிறத எடுத்து வச்சிட்டு.

சின்னச் சின்னது

எஃப்எஸ்யூட்டில் "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்"னா அதே பேர்ல ஏற்கனவே இருக்கு, மேல எழுதாது, அழிச்சிட்டு செய்யுங்க. விண்டோஸ் 7 மாதிரி பழசுல அனுமதி இல்லன்னா அட்மினிஸ்ட்ரேட்டரா தெறக்கணும்.

மேக்ல டிடி "இல்லீகல் நியூமரிக் வேல்யூ"ன்னா பிஎஸ்=1எம்ல எம்ம சின்ன எழுத்தாக்குங்க.

40 ஃபைல் வேணும்னா விண்டோஸ்ல ஃபார் /எல் %ஐ இன் (1,1,40) டூ போட்டு பின்னாடி கமாண்ட். நேரா அடிச்சா ஒரு சதவீதக் குறி, அதையே பேட்ச் ஃபைல்ல எழுதினா ரெண்டு. "வாஸ் அன்எக்ஸ்பெக்டட்"னு வந்தா இதுதான்.

பவர்ஷெல்ல டாட்நெட் வழியா ஃபைல் செஞ்சு, ஃபைல் எங்க போச்சுன்னே தெரியலன்னா முழு பாதையும் குடுங்க, டாட்நெட்டுக்கு நீங்க சிடி பண்ணி நிக்கிற ஃபோல்டர் தெரியாது, பெரும்பாலும் யூசர் ஃபோல்டர்ல கெடக்கும்.

ரெண்டு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க

ட்ரன்கேட்டோட பேருக்கே வெட்டுறதுன்னுதான் அர்த்தம். இருக்கிற ஃபைலை விட சின்ன சைஸ் குடுத்தா மிச்சத்தை வெட்டி எறிஞ்சிரும், கேக்காது, குப்பைத் தொட்டிலயும் இருக்காது. மேல ஃபோட்டோ காப்பி எடுத்துட்டு பண்ணுங்கன்னு சொன்னது அதனாலதான். நான் ஒரு கல்யாண ஆல்பத்துல 8 எம்பி ஃபோட்டோவ 5 எம்பிக்கு வெட்டிட்டு, பாதி மாப்பிள்ளை சாம்பல் கலர்ல நின்னத பாத்தவன்.

டிடில ஓஎஃப்= பக்கத்துல /டெவ்/ன்னு ஆரம்பிக்கிற எதையும் எழுதாதீங்க, ஃபைல் பேர் மட்டும். அங்க டிஸ்க் பேர் விழுந்துச்சுன்னா டிஸ்க் மேலயே ஜீரோ எழுதும், அதுவும் சூடோ போட்டிருந்தா நிறுத்துறதுக்குள்ள பார்ட்டிஷன் போயிருக்கும்.

அழிச்சாச்சு, ஆனா இடம் திரும்ப வரல

நேத்து ராத்திரி வந்த கடைசி போன். டெஸ்ட் முடிஞ்சு எல்லாத்தையும் அழிச்சிட்டான், மிச்ச இடத்தைக் காட்டுற டிஎஃப் அடிச்சா சர்வர்ல டிஸ்க் இன்னும் ஃபுல். லினக்ஸ்ல ஃபைலை எந்த ப்ரோக்ராமாவது தெறந்து வச்சிருந்தா, நம்ம அழிச்சாலும் பேருதான் போகும், இடம் போகாது. எல்எஸ்ஓஎஃப் +எல்1னு (+க்கு அப்புறம் வர்ற எல் பெரிய எழுத்து) அடிச்சா அழிச்சும் புடிச்சிட்டு இருக்கிறது யாருன்னு சொல்லும். இவன் கேஸ்ல அப்லோட வாங்குற ப்ராசஸ்ஸே பாதி ஃபைலோட தொங்கிட்டு இருந்துச்சு, அதை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பண்ணிட்டு டிஎஃப் அடிச்சான், இடம் வந்துருச்சு. "ண்ணா, அப்ப அந்த 5 எம்பி ஃபோட்டோ அனுப்ப வேண்டாம்ங்ணா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டான்.